சேலத்தில் விசுவாசத்தோடு காபித்தூள் தொழில்: கடை திறக்கும் முன் முடிக்க வேண்டியவை

போதகரை அழைத்து ஜெபித்துக் கடை திறப்பது ஒரு மணி நேர வேலை. சோதனை வருவது மூன்றாம் மாதத்தில். கூலி நாளில் கல்லாவில் பணம் இருக்காது. காபிக்கொட்டை விலை ஏறியிருக்கும். பக்கத்துக் கடைக்காரர் சிக்கரியைக் கூட்டிப் போட்டு 80 ரூபாய் குறைவாக விற்பார். உரிமக் கோப்பு எங்கோ ஒரு மேசையில் நிற்கும். அந்த நாளில் உட்கார்ந்து நேர்மையாக இருக்கலாமா என்று யோசித்தால், பெரும்பாலும் விடை தவறாகத்தான் வரும்.

நேர்மைக்கு ரூபாயில் ஒரு விலை உண்டு. ஞாயிறு அடைப்புக்கும், சரியான எடைக்கும், முழுக் கூலிக்கும், லஞ்சம் கொடுக்காமல் காத்திருக்கும் நாட்களுக்கும் ஆகும் செலவை முதல் நாளே கிலோ விலையில் ஏற்றிவிடுங்கள். ஏற்றாமல் விட்டால் அது பிறகு வேலையாள் தலையிலோ, மலைமேல் இருக்கும் சிறு விவசாயி தலையிலோ, தூள் வாங்குபவர் தலையிலோ விழும். சேர்வராயன் மலைக் கொட்டையை வாங்கி, சேலத்திலோ ஏற்காட்டிலோ வறுத்து அரைத்து விற்கப் புதிதாக இறங்கும் விசுவாசிகளுக்காக இதை எழுதுகிறோம். மளிகை, மசாலாப் பொடி தொடங்குகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. முதலில் செலவைக் கணக்கிடுங்கள்

கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று இயேசு சொன்னது லூக்கா 14:28இல் இருக்கிறது. அதை அப்படியே ஒரு நோட்டில் செய்யுங்கள்.

பச்சைக் கொட்டை கிலோ 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ 50,000 ரூபாய். வறுக்கும்போது ஈரமும் உமியும் போய் 15 முதல் 18 கிலோ குறையும். அரவையில் ஒட்டுவது, சிந்துவது என்று இன்னும் ஒரு கிலோ போகும். கையில் நிற்பது 83 கிலோ என்றால் தூளின் அடக்கம் கிலோவுக்கு 602 ரூபாய். புதிதாக வருகிறவர்கள் இந்த இழப்பைக் கணக்கில் விடுகிறார்கள். பிறகு அதைச் சிக்கரியால் ஈடுகட்டுகிறார்கள்.

வறுத்த சிக்கரி கிலோ 200 ரூபாய் என்றால், 80க்கு 20 (காபி 80, சிக்கரி 20) கலவையின் அடக்கம் 522 ரூபாய். 60க்கு 40 என்றால் 441. கிலோவுக்கு 81 ரூபாய் வித்தியாசம். சோதனையின் அளவு இவ்வளவுதான் என்று முன்பே தெரிந்திருப்பது நல்லது. 60க்கு 40 விற்பதில் குற்றம் ஏதும் இல்லை. 60க்கு 40ஐ 80க்கு 20 என்று விற்பதுதான் திருட்டு.

அடுத்தது ஞாயிறு. வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் சேர்ந்து மாதம் 60,000 ரூபாய், ஒரு நாளைக்கு 10 கிலோ விற்பனை என்று வையுங்கள். 30 நாள் திறந்தால் கிலோவுக்கு 200 ரூபாய் சுமை. 26 நாள் திறந்தால் 231. ஞாயிற்றின் விலை கிலோவுக்கு 31 ரூபாய். அதை விலையில் ஏற்றுங்கள். ஏற்றினால் விற்காது என்று தோன்றினால், சிறிய கடை, குறைந்த வாடகை பாருங்கள்.

2. கடை எங்கே, ஞாயிறு என்ன செய்வது

ஏற்காட்டில் ஏரிப் பக்கமோ ஒண்டிக்கடைப் பக்கமோ கடை எடுத்தால் வியாபாரம் சனி, ஞாயிறில்தான். மே மாதக் கோடை விழா நாட்களும் அப்படியே. ஞாயிறு அடைப்பேன் என்று உறுதியாக இருப்பவர் அங்கே சுற்றுலாக் கடை வாடகை கொடுப்பது வீண். சேலம் செவ்வாய்ப்பேட்டை போன்ற வார நாள் வியாபாரம் உள்ள இடத்தில் கடையும், மலையில் கொள்முதல் மட்டும் என்பது இப்படிப்பட்டவர்களுக்கு ஒத்துவரும்.

ஆராதனை முடிந்து மதியம் திறப்பவர்களும் இருக்கிறார்கள். நாட்களைக் குறித்து அவனவன் தன் மனதில் நிச்சயித்திருக்கட்டும் என்று ரோமர் 14:5 சொல்வதால், அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் நீங்கள் ஆராதனைக்குப் போகும்போது வேலையாளைக் கடையில் நிறுத்துவது சரியல்ல. ஞாயிறு வேலை செய்கிறவருக்கு வாரத்தில் வேறொரு முழு நாள் விடுப்பு வேண்டும். இது வேதம் மட்டுமல்ல, தமிழ்நாடு கடைகள் சட்டமும் கேட்பதுதான்.

மலையில் புதிதாகக் கட்டடம் கட்ட நினைக்காதீர்கள். ஏற்காடு மலைப் பகுதிப் பாதுகாப்பு விதிகளுக்குள் வருகிறது. அனுமதிக்குக் காலம் பிடிக்கும். அனுமதி இல்லாத கட்டடத்தை வாடகைக்கு எடுத்தாலும் பிறகு உரிமம் எடுப்பதில் சிக்கல்தான்.

வாடகை ஒப்பந்தத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஒப்பந்தத்தில் பாதித் தொகை எழுதி, மீதியைக் கையில் கேட்கும் கட்டட உரிமையாளர்கள் உண்டு. ஒப்புக்கொண்டால் அன்றே உங்கள் கணக்கு இரண்டாகிவிடும். பில் இல்லாத விற்பனையில் இருந்துதான் அந்தக் கைப்பணத்தை எடுக்க முடியும். முழு வாடகையையும் வங்கி வழியாக வாங்குகிறவரிடம் மட்டும் எடுங்கள்.

3. கூட்டாளி உண்டென்றால் பத்திரம் உண்டு

சபை நண்பர்கள் இருவர் ஜெபத்தோடு சேர்ந்து, எழுத்தில் ஒன்றும் இல்லாமல் தொடங்கி, இரண்டு வருடத்தில் சபையே இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கும்படி முறிவது மிகவும் சாதாரணமாக நடக்கிறது. பத்திரம் எழுதுவது அவநம்பிக்கை ஆகாது. மாவட்டப் பதிவாளரிடம் கூட்டாண்மையைப் பதிவும் செய்யுங்கள். பதிவு செய்யாத நிறுவனம் பாக்கி வசூலுக்குப் பொதுவாக வழக்குப் போட முடியாது.

வழக்கமான விஷயங்களோடு இவற்றையும் பத்திரத்தில் சேர்த்துவிடுங்கள்: ஞாயிறு அடைப்பா இல்லையா; காணிக்கை நிறுவனத்தில் இருந்தா, அவரவர் பங்கில் இருந்தா; லஞ்சம் கேட்டால் தனியாக யாரும் முடிவெடுக்கக் கூடாது; யார் கையெழுத்தும் நிறுவனத்தின் பெயரில் பிறருக்குப் பிணை நிற்கக் கூடாது; ஒருவர் இறந்தால் அவருடைய குடும்பத்துக்கு எத்தனை மாதத்தில் பங்கைக் கொடுப்பது. கடைசியாகச் சொன்னதைத் தவறவிடாதீர்கள். விதவையின் பங்கு பேச்சுவார்த்தையில் நிற்பது கர்த்தருக்கு முன்பாகப் பெரிய காரியம்.

4. ஆவணங்கள்

பான், ஆதார், வாடகை ஒப்பந்தம், உரிமையாளரின் சம்மதக் கடிதம், சொத்துவரி ரசீது, மின் ரசீது, கடையின் உள்ளும் புறமும் புகைப்படம். இவற்றை ஒரே கோப்பில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஞானஸ்நானப் பெயர் ஒரு சான்றிலும் வீட்டுப் பெயர் இன்னொன்றிலும் இருப்பது நம் மக்களிடம் அதிகம். அதை முதலில் திருத்துங்கள். விண்ணப்பம் திரும்பி வர முக்கியக் காரணம் அதுதான்.

உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு): அரசுத் தளத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டணம் இல்லை. அரசு முத்திரை போலப் படம் போட்ட தனியார் தளங்கள் 1,500, 2,500 என்று கேட்கும். பணம் கேட்டாலே வெளியே வந்துவிடுங்கள்.

உணவுப் பாதுகாப்பு: உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையத் தளத்தில் விண்ணப்பம். பதிவு போதுமா, உரிமம் வேண்டுமா என்பது ஆண்டு விற்பனையைப் பொறுத்தது. வரம்பும் கட்டணமும் திருத்தப்படும் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் தளத்தில் உள்ளதையே பாருங்கள். கட்டணம் குறைவு என்பதற்காக விற்பனையைக் குறைத்து எழுதுவதுதான் பலர் சொல்லும் முதல் பொய். மாநகராட்சித் தொழில் உரிமத்துக்கும், ஏற்காடு என்றால் ஊராட்சியில் எடுக்கும் உரிமத்துக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

ஜிஎஸ்டி: பொருள் விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் கட்டாயம். வறுத்து அரைத்த காபித்தூளுக்கு 5 சதவீதம். சிறு வியாபாரிகளுக்கான இணக்கத் திட்டத்தில் (காம்போசிஷன்) சேர்ந்தால் வரி குறைவு, ஆனால் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வசூலிக்கக் கூடாது, வெளிமாநிலத்துக்கு விற்கவும் கூடாது. வரம்புக்குக் கீழே நிற்பதற்காக ஒரே கடையை மனைவி பெயரில் ஒரு பில் புத்தகம், தம்பி பெயரில் ஒன்று என்று பிரிப்பது ஊரில் வழக்கம் என்று சொல்வார்கள். வழக்கம் என்பதால் அது நேர்மையாகிவிடாது. எவனுக்கு வரியைச் செலுத்த வேண்டியதோ அவனுக்கு வரி என்று ரோமர் 13:7 தெளிவாகவே சொல்கிறது.

மின் இணைப்பு: வீட்டு இணைப்பில் ரோஸ்டரோ (கொட்டை வறுக்கும் இயந்திரம்) அரவை இயந்திரமோ ஓட்டாதீர்கள். இணைப்பை மாற்றிய பிறகு இயந்திரத்தை இறக்குங்கள்.

வணிகப் பெயர்: பெத்தேல், எபினேசர், ஷாலோம் போன்ற பெயர்கள் ஏற்கெனவே பலரிடம் இருக்கும். வர்த்தக முத்திரைத் தளத்தில் காபி வரும் 30ஆம் வகுப்பில் தேடிவிட்டு வையுங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணைய விண்ணப்பக் கட்டணம் 4,500 ரூபாய். பாக்கெட்டில் வசனம் அச்சிடுவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. பாக்கெட் குப்பைக்குப் போகும். தவிர, வசனத்தைப் பார்த்து நம்பி வாங்குகிறவருக்கு நீங்கள் காட்ட வேண்டியது சரியான எடையைத்தான்.

5. தராசும் பாக்கெட்டும்

கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது. சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம் என்பது நீதிமொழிகள் 11:1. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்தான் அதைச் செய்கிறார். சான்றிதழை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்டுங்கள். கடையில் ஒரு கிலோ முத்திரைக் கல் ஒன்று வைத்துக்கொண்டு, தினமும் காலை முதல் பில்லுக்கு முன் தராசைச் சரிபாருங்கள். ரோஸ்டர் பக்கத்திலோ மின்விசிறிக்குக் கீழேயோ தராசு இருந்தால் எடை ஆடும்.

பாக்கெட் எடையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 200 கிராம் பாக்கெட்டில் 9 கிராம் வரை, 500 கிராமில் 15 கிராம் வரை தனித்தனிப் பாக்கெட்டின் பிழையைச் சட்டம் பொறுத்துக்கொள்ளும். இயந்திரத்தின் தள்ளாட்டத்துக்காகக் கொடுத்த சலுகை அது. அதையே அளவாக வைத்து நிரப்பினால் 1,000 பாக்கெட்டில் 9 கிலோ தூள் மக்களிடம் இருந்து எடுத்ததாகும். சராசரி குறைந்தால் சட்டப்படியும் தவறு. உறையின் எடையைக் கழித்துவிட்டு 201, 202 கிராம் வரும்படி நிரப்புங்கள். அந்த இரண்டு கிராமும் செலவுக் கணக்கில் வரட்டும்.

லேபிளில் பொருளின் பெயர், தயாரிப்பவர் பெயர், முழு முகவரி, நிகர எடை, வரிகள் உட்பட அதிகபட்ச விலை, ஒரு கிராம் அல்லது கிலோவுக்கான விலை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், உணவுப் பாதுகாப்பு எண், புகார் சொல்ல வேண்டிய எண் ஆகியவை இருக்க வேண்டும். சிக்கரி கலந்திருந்தால் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டின் சதவீதமும் அச்சில் வர வேண்டும். ஒரே உறையை அச்சடித்து வைத்துக்கொண்டு கொட்டை விலை ஏறும்போது உள்ளே கலவையை மட்டும் மாற்றுவது பெரிய பொறி. விலை ஏறினால் விலையை ஏற்றுங்கள். அல்லது வேறு உறையில் வேறு கலவை விற்றுக்கொள்ளுங்கள்.

சில்லறையாக அரைத்துக் கொடுக்கும்போது வாடிக்கையாளர் முன்பே கொட்டையையும் சிக்கரியையும் தனித்தனியாக நிறுத்துப் போடுங்கள். குளிர்ந்த நீரில் தூளைத் தூவினால் காபி கொஞ்ச நேரம் மிதக்கும்; சிக்கரி நிறத்தை விட்டபடி உடனே இறங்கும். இதைக் கேட்கிறவர்களுக்குக் காட்டிக் கொடுங்கள்.

6. மலையில் கொள்முதல்

எங்கள் பார்வையில் இந்தத் தொழிலில் பாவம் அதிகம் நடக்கும் இடம் கடையை விடக் கொள்முதல்தான். சேர்வராயன் மலையில் சிறு தோட்டக்காரர்கள் அறுவடை முடிந்து கொட்டையை வைத்துக் காத்திருக்க முடியாத நிலையில் இருப்பார்கள். பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் காத்திராது. வாங்க வருகிறவர் அதை அறிந்து விலை பேசுவார்.

எடை: உங்கள் முத்திரைத் தராசைக் கொண்டு போங்கள், அவர் கண் முன்னே நிறுங்கள். சாக்கின் எடையை நிறுத்துக் கழியுங்கள். மூட்டைக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று பொத்தாம் பொதுவாகக் கழிப்பதுதான் கள்ளத்தராசு.

ஈரம்: பார்ச்மென்ட் (பழத்தோல் நீக்கி, உள் உமியோடு காயவைத்த கொட்டை) 10 முதல் 11 சதவீத ஈரத்தில் இருக்க வேண்டும். கடித்துப் பார்த்துச் சொல்வதில் இருவரும் ஏமாறலாம். ஈரமானி ஒன்று வாங்குங்கள். அளவை அவருக்கும் காட்டுங்கள். ஈரம் கூடுதலாக இருந்தால் எவ்வளவு கழிவு என்று அட்டவணை எழுதி முன்கூட்டியே கொடுங்கள். இன்னும் இரண்டு நாள் காய வைத்தால் முழு விலை கிடைக்கும் என்று சொல்லவும் வேண்டும். பார்ச்மென்டில் இருந்து சுமார் 80 சதவீதமும், காய்ந்த செர்ரியில் இருந்து சுமார் பாதியும்தான் கொட்டையாக வரும். அந்தக் கணக்கை அவரிடம் மறைக்காதீர்கள்.

விலை: காபி வாரியம் வெளியிடும் அன்றைய சந்தை விலையைக் கைப்பேசியில் காட்டிவிட்டு, ஏற்றுகூலி, உடைப்புக் கூலி, உங்கள் பங்கு என்று கழித்துச் சொல்லுங்கள். இப்படி வாங்கினால் லாபம் குறையும். ஆனால் அடுத்த நவம்பரில் நல்ல பழம் பறித்த கொட்டை உங்களுக்குத்தான் முதலில் வரும்.

முன்பணம்: பூக்கும் காலத்தில் பணம் கொடுத்து, அறுவடையில் சந்தையை விடக் குறைந்த விலைக்கு எழுதி வாங்குவது வட்டிதான், பெயர் மட்டும் வேறு. சிறுமைப்பட்டவனிடம் வட்டி வாங்காதே என்று யாத்திராகமம் 22:25 சொல்கிறது. முன்பணம் கொடுப்பதென்றால் வட்டியில்லாமல் கொடுங்கள், அன்றைய விலையில் கழித்துக்கொள்ளுங்கள், வேறொருவருக்கு விற்றுவிட்டுப் பணத்தைத் திருப்பும் உரிமையை அவருக்கு விடுங்கள். வேலையாளுக்கு முன்பணம் கொடுத்து, அடையும்வரை வேறிடம் போகக் கூடாது என்று கட்டுவது 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமைக் குற்றம்.

7. கூலி, விடுமுறை

தினக்கூலியை அன்று மாலையே கொடுங்கள். லேவியராகமம் 19:13 கேட்பது அதையே. ஊதியச் சட்டத் தொகுப்பும் வேலை முடியும்போது கொடுக்கச் சொல்கிறது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள். விட்டுப் போகிறவருக்கு 2 வேலை நாளுக்குள் பாக்கி முழுவதும். குறைந்தபட்ச ஊதியத்தின் அகவிலைப்படி ஏப்ரல் 1இல் மாறும். அன்று சம்பளப் பட்டியலைத் திருத்துங்கள்.

10 பேர் ஆனால் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு: சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு நீங்கள் 3.25 சதவீதம், அவர் 0.75. 20 பேர் ஆனால் வைப்புநிதி. ஒன்பது பேரோடு ஏட்டில் நிறுத்தி, பத்தாவது ஆளைப் பெயரில்லாமல் வைத்துக்கொள்வது அவருடைய பிரசவத்தையும் விபத்தையும் மருத்துவமனையையும் பறிப்பது.

தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவற்றோடு ஐந்து பண்டிகை நாட்கள் சம்பளத்தோடு தர வேண்டும். கிறிஸ்துமஸும் புனித வெள்ளியும் போதும் என்று நினைக்காதீர்கள். பொங்கலும் தீபாவளியும் ரம்ஜானும் அவர்களுக்கு உண்டு. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குச் சேலத்தில் எந்தக் கடையிலும் ஆள் விடுப்புக் கேட்பார்கள். முகம் சுளிக்காமல் கொடுங்கள். காலை ஜெபம் வைத்தால் வேலை நேரத்துக்கு முன் வையுங்கள், வராதவர் பெயரை மனதில்கூடக் குறிக்காதீர்கள். கடையில் நிற்பவர்களுக்கு உட்கார இருக்கை தருவதும் தமிழ்நாட்டில் சட்டம்.

8. லஞ்சம் கேட்டால்

பெரும்பாலும் லஞ்சம் அவசரத்தில்தான் போகிறது. திறப்பு விழாத் தேதியை அச்சடித்துவிட்டு உரிமத்துக்கு அலைகிறவர் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலைக்குத் தன்னைத்தானே கொண்டு வருகிறார். எல்லா உரிமமும் கைக்கு வந்த பிறகு தேதி வையுங்கள். திறக்கும்வரை ஆகும் வாடகையைச் செலவில் சேர்த்துவிட்டுக் காத்திருக்கத் தயாராகுங்கள்.

விண்ணப்பம் எல்லாவற்றையும் இணையத்தில் போடுங்கள், ஒப்புகை எண்ணைச் சேமியுங்கள். குறை சொன்னால் எழுத்தில் கேளுங்கள், எழுத்திலேயே பதில் கொடுங்கள். நேரில் போகும்போது இன்னொருவரை அழைத்துப் போங்கள். நின்றுபோனால் 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் புகார், அதற்கும் அசையாவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் வர வேண்டும் என்பதால் கோப்பு பெரும்பாலும் அதற்குள் நகர்ந்துவிடும்.

நேரடியாகக் கேட்டால் சேலத்தில் உள்ள லஞ்ச ஒழிப்புத் துறை அலுவலகத்தை அணுகலாம். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் பாதுகாப்பு உண்டு.

முகவரை வைத்தால் அரசுக் கட்டணம் எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். “இதரச் செலவு” என்ற ஒரு வரி இருந்தால் அது என்னவென்று கேளுங்கள். அவர் கையால் போனாலும் அது உங்கள் லஞ்சம்தான்.

9. கடன், பிணை, சபைக் கடன்

சிறுதொழிலுக்கான முத்ரா கடனில் புதிதாக வாங்குகிறவருக்கு 50,000, 5 லட்சம், 10 லட்சம் என்று படிகள் உண்டு. சொத்துப் பிணை தேவையில்லை. சிறுபான்மையினருக்கு டாம்கோ (தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம்) கடன் உண்டு. மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேளுங்கள். சமூகச் சான்றிதழில் உள்ளதும் வாழ்வில் உள்ளதும் ஒத்துப்போகாமல் எந்தத் திட்டத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிறருக்குப் பிணை நிற்காதீர்கள். நீதிமொழிகள் 22:26 சொல்லும் எச்சரிக்கை சபை உறவுக்கும் சேர்த்துத்தான். கஷ்டத்தில் இருக்கும் சகோதரருக்குத் திரும்ப வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

“நம்ம சபைதானே” என்று எழுதிக்கொள்ளச் சொல்கிறவர்களும், தள்ளுபடி கேட்கிறவர்களும் முதல் மாதமே வருவார்கள். எல்லாருக்கும் ஒரே விலை, ஒரே தவணை என்று பலகையில் எழுதிவிடுங்கள். சபை விருந்துக்குத் தூள் கொடுக்க விரும்பினால் இலவசமாகக் கொடுத்துக் காணிக்கைக் கணக்கில் எழுதுங்கள்.

10. தசமபாகம் எதில்

மொத்த விற்பனையில் பத்தில் ஒன்று என்று உணர்ச்சியில் பொருத்தனை செய்து சரக்குக்குப் பணமில்லாமல் நின்றவர்கள் உண்டு. மாதம் 3 லட்சம் விற்பனை, சரக்கு 2,10,000, மற்றச் செலவு 60,000 என்றால் நிற்பது 30,000. விற்பனையில் பத்தில் ஒன்றும் அதே 30,000தான். விற்பனைப் பணத்தில் அரசின் வரியும், விவசாயி பாக்கியும், வேலையாள் கூலியும் இருக்கின்றன; அவை உங்களுடையவை அல்ல, காணிக்கையாகக் கொடுக்க உங்களுக்கு உரிமையும் இல்லை. அவை போக நிற்கும் லாபத்தில் கொடுங்கள். அதற்கு மேல் கொடுப்பது உங்கள் மனவிருப்பம்.

காணிக்கையைத் தொழில் செலவாக எழுதக் கூடாது; சொந்தச் செலவுக்கு நீங்கள் எடுத்த பணமாக எழுத வேண்டும். வருமான வரி விலக்கு உண்டென்று நம்பாதீர்கள்: குறிப்பிட்ட மதத்தவருக்கு மட்டுமான அறக்கட்டளைகளுக்குப் பொதுவாக விலக்கு இல்லை, புதிய வரி முறையில் இருப்பவருக்கு நன்கொடை விலக்கே கிடையாது, பழைய முறையிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தது கணக்கில் வராது. வாங்காத தொகைக்கு ரசீது எழுதித் தர முன்வரும் அமைப்பு எந்தப் பெயரில் இருந்தாலும் விலகி நில்லுங்கள்.

11. கால வரிசை

அறுவடை நவம்பரில் தொடங்கி ஜனவரி வாக்கில் முடியும் என்பதால், ஜூலையில் கணக்கும் கூட்டாண்மைப் பத்திரமும், ஆகஸ்டில் வாடகையும் பெயர்த் திருத்தங்களும், செப்டம்பரில் உத்யம், உணவுப் பாதுகாப்பு, உள்ளாட்சி, ஜிஎஸ்டி விண்ணப்பங்களும், அக்டோபரில் மின் மாற்றமும் தராசு முத்திரையும் ஆகட்டும். நவம்பரில் மலையேறுங்கள். புதுக் கொட்டை பக்குவமாகக் காய்ந்து உடைபட்டு வரப் பிப்ரவரி ஆகிவிடும்; திறப்பு விழாவை அதற்குப் பிறகு வையுங்கள். தராசு மறுமுத்திரை, உள்ளாட்சி உரிமம், வாடகை ஒப்பந்தம் மூன்றின் முடிவுத் தேதியையும் கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டுங்கள். முடிவதற்கு 45 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுங்கள்.